ஓரமாகப் போ என்னும் உபதேசம்

பெண் குழந்தை ஒருத்தி தனியே கடைக்குப் போய்வரத் தொடங்கும் நாளிலிருந்து அவளுக்கு வீட்டிலே வழங்கப்படும் உபதேசங்களையெல்லாம் யாராவது பொறுமையோடு தொகுத்து எழுதினால் அது ஒரு சிறிய சாஸ்திர நூலாகவே அமைந்துவிடும். ஓரமாகப் போ, குனிந்த தலை நிமிராமல் போ, எவனாவது ஏதாவது சொன்னால் காதில் வாங்காதே, துப்பட்டாவைச் சரியாகப் போட்டுக்கொள், விளக்கு வைப்பதற்குள் வீடு வந்து சேர். சொல்பவர்கள் தாயும் பாட்டியும் அத்தையுமாக இருப்பதாலும், தாங்கள் பட்ட அனுபவத்தின் கசப்பினாலேயே அவர்கள் அப்படிச் சொல்கிறார்கள் என்பது கேட்கிற பெண்ணுக்கும் ஒருவாறு தெரிந்திருப்பதாலும், இந்த உபதேசங்களை நிறுத்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் பெரும்பாலும் எவருக்கும் உதிப்பதில்லை. ஆனால் இவற்றுக்கு அஸ்திவாரமாக நிற்கும் அபிப்பிராயங்களோ, சற்று வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால், ஒன்றன்பின் ஒன்றாக ஆட்டங்காணத் தொடங்குகின்றன. சென்னை நகரத்தை முக்கியமாக மனத்தில் வைத்துக்கொண்டு அவற்றில் சிலவற்றை இங்கே பரிசீலிக்கலாம்.

“எல்லாம் இந்தக் காலத்துச் சினிமாவும் செல்போனும் பண்ணின வேலை”

முன்னொரு காலத்தில் பெண்கள் நிர்ப்பயமாகத் தெருவிலே நடந்தார்கள் என்றும், ஆண்கள் எல்லோரும் கண்ணியமாக ஒதுங்கி வழிவிட்டார்கள் என்றும் ஒரு பிரமை நம்மிடையே நிலவுகிறது. 1860-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் 509-ஆம் பிரிவு, ஒரு பெண்ணின் மானத்துக்குப் பங்கம் விளைவிக்கும் கருத்தோடு சொல்லப்படும் சொல்லையும், எழுப்பப்படும் ஒலியையும், காட்டப்படும் சைகையையும் தண்டனைக்குரிய குற்றமாக வகுத்தது. அப்போது சினிமா பிறப்பதற்கே இன்னும் முப்பத்தைந்து ஆண்டுகள் இருந்தன. சீட்டியடிப்பவனையும் கண்சிமிட்டுபவனையும் அன்றே சட்டம் எழுதியவர்கள் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

இன்னும் சுவாரசியமான சாட்சியம் 1938-ஆம் ஆண்டின் இறுதியில் கிடைக்கிறது. பஞ்சாபைச் சேர்ந்த ஒரு கல்லூரி மாணவி, சாலையில் தங்களைத் தொடர்ந்து தொல்லைப்படுத்தும் ஆண்களிடமிருந்து அகிம்சையில் நம்பிக்கை வைத்த பெண்கள் எவ்வாறு தங்களைக் காத்துக்கொள்வது என்று காந்தியடிகளுக்கு எழுதிக் கேட்டாள். அவர் ‘ஹரிஜன்’ பத்திரிகையில் அதற்கு விடையளித்தபோது, இத்தகைய சம்பவங்களை மறைக்காமல் பத்திரிகைகளில் வெளியிட வேண்டும் என்றும், பிடிபட்ட குற்றவாளிகளின் பெயர்களையும் அம்பலப்படுத்த வேண்டும் என்றும், இன்றைக்கும் பல பெற்றோருக்குத் துணிவு வராத ஒரு யோசனையைச் சொன்னார். அத்துடன் நின்றிருந்தால் எவ்வளவோ நன்றாயிருந்திருக்கும். நவநாகரிகப் பெண் பிறருடைய கவனத்தைக் கவர்வதற்காகவே உடுத்துகிறாள் என்ற கருத்தில் ஒரு குறிப்பையும் அவர் கூடவே சேர்த்துவிட்டார். கல்கத்தாவைச் சேர்ந்த சில பெண்கள் கூட்டாகக் கையெழுத்திட்டு அதை மறுத்து எழுத, அந்தக் கடிதத்தைப் பற்றியும் 1939-இன் தொடக்கத்தில் அவர் தம் பத்திரிகையிலேயே எழுத நேர்ந்தது. மகாத்மாவானாலும் உடையைப் பற்றிய பேச்சில் தவறு என்றால் தவறுதான் என்று சுட்டிக்காட்டும் பெண்கள், நாம் அடக்கவொடுக்கத்தின் பொற்காலம் என்று கருதும் அந்த நாளிலும் இருந்தார்கள்.

“உடுத்துகிற மாதிரி உடுத்தினால் எவனும் திரும்பிப் பார்க்கமாட்டான்”

இந்த நம்பிக்கைக்கு மட்டும் ஆயுசு கெட்டி. 2005-ஆம் ஆண்டில் சென்னையிலே புகழ்பெற்ற பொறியியல் பல்கலைக்கழகம் ஒன்று ஜீன்ஸும் டீ-ஷர்ட்டும் கூடாது என்று ஆணை பிறப்பித்தபோது, அதை ஆதரித்துப் பேசியவர்களில் பலரும் பெண்களின் பாதுகாப்பையே காரணமாகக் காட்டினார்கள். 2003-இல் பெங்களூரில் ஜாஸ்மீன் பதேஜா என்ற கலைஞர் தொடங்கிய ‘பிளாங்க் நாய்ஸ்’ என்னும் இயக்கம், தொல்லைக்கு ஆளான நேரத்தில் தாங்கள் அணிந்திருந்த உடையையே கொண்டுவந்து தருமாறு பெண்களைக் கேட்டு, அவற்றைப் பொது இடங்களில் காட்சிக்கு வைத்தது. வாதம் எதுவும் செய்யாமல், அன்றாடம் பெண்கள் உடுத்துகிற துணிகளையே சாட்சியாக நிறுத்திய யுக்தி அது. நம் ஊரிலே பள்ளிக்கூடச் சீருடையில் இரட்டைச் சடை போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிற எட்டாம் வகுப்புச் சிறுமியைக் கேட்டாலே இந்த விவாதம் முடிந்துவிடும். கேட்கத்தான் ஆளில்லை.

“இருட்டிலும் ஆளில்லாத இடத்திலும்தான் ஆபத்து”

இரவுக்கும் தனிமைக்கும் உரிய அபாயங்கள் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் தெருத்தொல்லை என்று நாம் பேசுகிற இந்தக் குறிப்பிட்ட விஷயத்துக்கு மிகவும் தோதான காலம் காலை எட்டு மணியிலிருந்து பத்து மணி வரையிலும், மிகவும் தோதான இடம் ஜனநெரிசலுமாகும். பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் வரையில் நகரத்தின் பாதியை அளந்துகொண்டு போகும் 29சி பஸ்ஸில் அந்த நேரத்தில் ஏறிப் பார்த்தால் விளங்கும். “உள்ள போ, உள்ள போ” என்று கண்டக்டர் நெருக்க, இடது பக்கத்து மகளிர் இருக்கைகளை ஒட்டி நிற்கும் பெண்களில் ஒருத்தி முதுகிலிருந்த பையைக் கழற்றி மார்புக்கு முன்னே மாட்டிக்கொள்கிறாள். இன்னொருத்தி பிடித்திருந்த கம்பியை விட்டுவிட்டு, விழுந்தாலும் பரவாயில்லை என்று முழங்கையை விலாவோடு ஒடுக்கிக்கொள்கிறாள். மூன்றாமவள் புடைவைத் தலைப்பிலிருந்த ஊக்கைக் கழற்றி விரலிடுக்கில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறாள். பிரேக் போடும் க்ஷணத்துக்காகவே காத்திருந்து முன்னே சாய்கிறவன், “கூட்டம்னா அப்படித்தான் இருக்கும், கார்ல போக வேண்டியதுதானே” என்று சொல்வதற்குத் தயாராக முகத்தை வைத்துக்கொண்டிருக்கிறான். இவர்களுக்கு நகரத்துப் பெண்கள் வெகுகாலமாகவே ‘இடிமன்னர்கள்’ என்று பட்டம் சூட்டியிருக்கிறார்கள். இருட்டு தரும் மறைவைக் காட்டிலும் கூட்டம் தரும் மறைவு சௌகரியமானது என்பதை அந்த மன்னர்கள் நன்கு அறிவார்கள்.

பலர் கூடியிருக்கும் இடத்தில் துணைக்கு ஆள் கிடைக்கும் என்பதும் இந்த நம்பிக்கையின் ஒரு கிளைதான். 2016-ஆம் ஆண்டு ஜூன் 24-ஆம் தேதி காலையில், நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தின் நடைமேடையிலே, வேலைக்குப் புறப்பட்டு வந்து நின்ற இளம்பெண் ஒருத்தி வெட்டிக் கொல்லப்பட்டபோது பொழுது நன்றாக விடிந்திருந்தது. சுற்றிலும் பிரயாணிகள் இருந்தார்கள். கொன்றவன் அங்கிருந்து வெளியேறிப் போகவும் செய்தான். அந்தப் பிரயாணிகளைக் கோழைகள் என்று வைவது சுலபம். பஸ்ஸில் நடக்கிற சிறிய விஷயங்களுக்கெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டே பழகிய ஜனங்கள், பெரிய விஷயம் நேர்கிற அன்றைக்கு மட்டும் திடீரென்று வேறு மனிதர்களாகிவிடுவார்கள் என்று எதிர்பார்ப்பதில் நியாயம் என்ன இருக்கிறது?

“கண்டுகொள்ளாமல் போனால் அவனே அலுத்துப்போய் விட்டுவிடுவான்”

அலுத்துப்போகிறவர்களும் உண்டு. ஆனால் ஒரு பெண்ணின் மௌனத்தை அவள் எந்தக் கருத்தில் வைத்திருக்கிறாளோ அந்தக் கருத்திலேயே அவன் எடுத்துக்கொள்வான் என்பதற்கு உத்தரவாதம் ஏதுமில்லை. பேசாமல் போனால் சம்மதம், திட்டினால் ஊடல், முறைத்தால் உள்ளே ஆசை என்று, எந்த விடையையும் தனக்குச் சாதகமாகவே வாசித்துக்கொள்ளும் ஒரு பாடத்தை நம் படக்கதைகள் அரைநூற்றாண்டுக்கு மேலாக அவனுக்குக் கற்பித்து வந்திருக்கின்றன. (சினிமா இந்த வழக்கத்தைப் பெற்றெடுக்கவில்லை என்று மேலே சொன்னேன், வளர்க்கவில்லை என்று சொல்லவில்லை.) கல்லூரி வாசலில் காத்திருந்து, பஸ்ஸில் பின்தொடர்ந்து, வீட்டுத் தெருமுனையில் மறித்து, தோழிகளிடம் தூது அனுப்பி, இறுதியில் நாயகியின் மனத்தை ‘மாற்றி’விடுகிற நாயகனை நாம் எல்லோரும் கைதட்டித்தான் வரவேற்றோம். அதே செய்கைக்கு 2013-ஆம் ஆண்டில், நீதிபதி வர்மா குழுவின் அறிக்கைக்குப் பின்னர் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டம், 354டி என்று ஒரு தனிப் பிரிவையே ஒதுக்கியது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதையில் அது 78-ஆம் பிரிவாக இருக்கிறது. தனக்கு விருப்பமில்லை என்று ஒரு பெண் தெளிவாகக் காட்டிய பிறகும் அவளைத் தொடர்ந்து போவதும், திரும்பத் திரும்பத் தொடர்புகொள்ள முயல்வதும் குற்றம் என்பதே அதன் சாரம். 2022 அக்டோபரில் பரங்கிமலை ரயில் நிலையத்திலே, பட்டப்பகலில், ஓடிவந்த மின்ரயிலின் முன்னே தள்ளிக் கொல்லப்பட்ட மாணவியைத் தள்ளியவன், அவளைத் தொடர்ந்து தொல்லைப்படுத்தி வந்த அதே ஆள்தான்.

இதனோடு ஒட்டிப் பிறந்த மற்றொரு நம்பிக்கை, இவையெல்லாம் வயதுக்கோளாறு, விளையாட்டு என்பது. 1998 ஜூலையில், எழும்பூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் அருகே, ஆட்டோவில் வந்த இளைஞர் சிலரின் ‘விளையாட்டினால்’ கீழே விழுந்து தலையில் அடிபட்ட மாணவி ஒருத்தி, நினைவு திரும்பாமலே இறந்துபோனாள். தமிழ்நாட்டில் இதற்கென்று தனியே ஒரு சட்டம் வந்தது அந்த மரணத்தின் பின்புதான். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

“அந்த நேரத்தில் அங்கே அவளுக்கு என்ன வேலை?”

மற்ற நம்பிக்கைகளையெல்லாம் விட்டுவிட்டவர்கள்கூட, நன்றாகப் படித்தவர்களும் பெண்கள் முன்னேற்றத்தில் உண்மையான அக்கறை உள்ளவர்களும்கூட, இந்த ஒன்றை மட்டும் விடுவதில்லை; ஆகையால் இதை அவசரப்படாமல் பார்க்க வேண்டியிருக்கிறது. பெண் வெளியே போகலாம். படிக்கப் போகலாம், வேலைக்குப் போகலாம், காய்கறி வாங்கவும் கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகலாம். போனால் காரியத்தை முடித்துக்கொண்டு வந்துவிட வேண்டும். தெரு அவளுக்கு ஒரு வழியாக இருக்கலாமே தவிர, இடமாக இருக்கலாகாது. ஆணுக்கோ அப்படி ஒரு நிபந்தனை கிடையாது. டீக்கடை வாசலில் ஒரு கையில் கிளாஸும் மறு கையில் பிறர் வாங்கிய பேப்பருமாக முக்கால் மணி நேரம் நிற்பவனையும், பாலத்துத் திண்டில் உட்கார்ந்து போகிற வருகிற வண்டிகளை எண்ணுபவனையும், பஸ் ஏறும் உத்தேசமே இல்லாமல் பஸ் ஸ்டாப்பில் அரட்டையடிப்பவனையும் பார்த்து, உனக்கு இங்கே என்ன வேலை என்று எவரும் கேட்பதில்லை. அதே டீக்கடை வாசலில் ஒரு பெண் தனியாக நின்று ஒரு டீயைக் குடித்து முடிப்பதற்குள், கடைக்காரர் முதற்கொண்டு எத்தனை கண்கள் அவளிடம் காரணம் கேட்கின்றன! அதனால்தான், தோழிக்காகத் தெருமுனையில் பத்து நிமிஷம் காத்திருக்க நேர்கிற பெண், யாரோடும் பேசாத செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு “எங்க இருக்க? சீக்கிரம் வா” என்று சற்று உரக்கவே சொல்கிறாள். தனக்கு இங்கே ஒரு வேலை இருக்கிறது என்பதற்கு அவள் காட்டுகிற அத்தாட்சி அது.

ஷில்பா ஃபட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே என்ற மூன்று பெண்கள், பம்பாய் நகரத்தை ஆராய்ந்து 2011-இல் வெளியிட்ட ‘ஒய் லாய்ட்டர்?’ என்னும் நூலில் இந்த நிலைமையை எடுத்துக்கொண்டு, வழக்கத்துக்கு நேர்மாறான ஒரு முடிவை முன்வைத்தார்கள். பெண்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று கேட்கக் கேட்க, அவர்களைச் சுற்றிக் காவலும் கட்டுப்பாடுமே பெருகுகின்றன. ஆகவே, காரியமே இல்லாமல் நகரத்தில் சுற்றித் திரிந்து பொழுதுபோக்குவதற்கான உரிமையைக் கேட்க வேண்டும். அதில் வரக்கூடிய அபாயத்தைத் தாமே தேர்ந்துகொள்ளும் உரிமையும் அதில் அடங்கும் என்பது அவர்கள் வாதம். முதல் வாசிப்பில் விதண்டாவாதம் போலத் தோன்றும். ஆனால் காரணம் காட்டினால்தான் ஒருவருக்கு ஓரிடத்தில் இருக்க அனுமதி என்றால், காரணம் போதாது என்று தோன்றுகிற எந்தக் க்ஷணத்திலும் அந்த அனுமதியை யார் வேண்டுமானாலும் பறித்துக்கொள்ளலாம் என்பதை நினைத்துப் பார்த்தால் அதன் நியாயம் புலனாகும். தொல்லை தருகிறவன் செய்வதும் சாராம்சத்தில் அதுவே: இங்கே உனக்கு என்ன வேலை என்ற கேள்வியைத்தான் அவன் தனக்குத் தெரிந்த பாஷையில் கேட்கிறான்.

மேலும் இந்தக் கேள்வி எல்லாப் பெண்களிடமும் கேட்கப்படுவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். விடியற்காலை மூன்று மணிக்குக் கோயம்பேட்டில் கூடையோடு நிற்கும் பூக்காரம்மாவையும், காசிமேட்டில் ஏலத்துக்குக் காத்திருக்கும் மீன்காரம்மாவையும், ஊர் உறங்கும் நேரத்தில் அண்ணா சாலையைப் பெருக்கும் துப்புரவுத் தொழிலாளியையும் பார்த்து, விளக்கு வைப்பதற்குள் வீட்டுக்குப் போயிருக்கக் கூடாதா என்று எவரும் உபதேசித்ததாக நான் கேட்டதில்லை. நம் வீட்டுக்குப் பூவும் மீனும் வந்தாக வேண்டும். தெருவும் சுத்தமாக வேண்டும். ‘பெண்கள் இரவில் வெளியே போகலாகாது’ என்னும்போது எந்தப் பெண்களை மனத்தில் வைத்துச் சொல்கிறோம் என்பதை, சொல்வதற்கு முன்னால் சற்று யோசித்துக்கொண்டால் நல்லது.

ஒதுங்கிப் போவதால் நஷ்டம் ஒன்றுமில்லை என்பது இதன் உள்ளே ஒளிந்திருக்கும் மற்றொரு தவறான கணக்கு. கிரிஜா போர்க்கர் என்ற பொருளாதார நிபுணர் தில்லிப் பல்கலைக்கழகத்து மாணவ மாணவியரின் கல்லூரித் தேர்வையும் அவர்கள் போய்வரும் வழிகளையும் ஒப்பிட்டு ஆராய்ந்தபோது, மேலான கல்லூரியில் இடம் கிடைக்கும் தகுதி இருந்தும், போகிற வழியில் தொல்லை குறைவு என்பதற்காகத் தரத்தில் தாழ்ந்த கல்லூரியைப் பெண்கள் தேர்ந்துகொள்வதையும், பாதுகாப்பான வழிக்காக ஆண்களைக் காட்டிலும் அதிகமாகப் பணம் செலவிட அவர்கள் சித்தமாயிருப்பதையும் கண்டார். தெருமுனையில் சீட்டியடித்தவனுக்கு ஒரு பெண்ணின் பட்டத்தை மாற்றிவிட்டோம் என்பது தெரியவே தெரியாது. தெரிந்தால் ஒருவேளை பெருமைப்படுவானோ என்னவோ!

நஷ்டம் பெண்களோடு நிற்பதுமில்லை. பெண்கள் விலக விலகத் தெருவில் ஆண்களே மிஞ்சுகிறார்கள். ஆண்களே மிஞ்சிய தெருவைப் பார்த்து மேலும் சில பெண்கள் விலகுகிறார்கள். இதற்கு எதிர்த்திசையிலும் நாம் ஒரு காட்சியைக் கண்டிருக்கிறோம். 2021 மே மாதத்தில் தமிழ்நாடு அரசு சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணத்தை நீக்கியதும், அந்தப் பேருந்துகளில் பெண்களின் பங்கு வெகுவாக உயர்ந்தது. காசில்லாமையால் வீட்டோடு இருந்தவர்கள், மகள் வீட்டுக்கும் சந்தைக்கும் சில வேளைகளில் சும்மா கடற்கரைக்கும் போய்வரத் தொடங்கினார்கள். ‘ஓசி’ என்ற ஏளனத்தையும் அவர்கள் கேட்க நேர்ந்தது உண்மைதான்; அதற்காக ஒருவரும் பஸ்ஸை விட்டு இறங்கிவிடவில்லை.

“சட்டமும் கேமராவும் இருக்கும்போது என்ன குறை?”

சட்டம் இருக்கிறது. 1998-இல் இயற்றப்பட்டு, 2002-இல் திருத்தப்பட்டு, 2025 ஜனவரியில் தண்டனைகள் மேலும் கடுமையாக்கப்பட்ட தமிழ்நாடு பெண்கள் மீதான துன்புறுத்தல் தடைச் சட்டம், பள்ளி, கல்லூரி, கோயில், பஸ் நிறுத்தம், சாலை, ரயில் நிலையம் என்பவற்றோடு, சினிமாக் கொட்டகை, பூங்கா, கடற்கரை, திருவிழா நடக்கும் இடம் என்பவற்றையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. வேலையை முடித்துக்கொண்டு திரும்ப வேண்டிய இடங்களை மட்டும் சொல்லி நிறுத்தாமல், சந்தோஷமாகப் பொழுதைக் கழிக்கிற இடங்களையும் சட்டம் கணக்கில் எடுத்துக்கொண்டிருப்பது கவனிக்கத்தக்கது. இந்த விஷயத்தில் அது நம் வீட்டுப் பெரியவர்களைக் காட்டிலும் தாராளமானது.

ஆனால் புகார் கொடுக்கப் போகிறவளுக்கு நேர்வது வேறு. கேமரா, நடந்ததைப் பதிவு செய்யுமே தவிர, போலீஸ் நிலையத்து மேசைக்கு முன்னால் அவளுக்குப் பக்கத்தில் வந்து உட்காராது. 2024 டிசம்பரில் சென்னையில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தினுள்ளே நடந்த பாலியல் வன்கொடுமை தொடர்பாகப் பதியப்பட்ட முதல் தகவல் அறிக்கை, பாதிக்கப்பட்ட மாணவியின் அடையாளங்களோடு வெளியே கசிந்தது. அந்த அறிக்கையின் வாசகம் அவளையே குறை சொல்வதுபோல் இருப்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் கண்டித்து, கசிவுக்காக அவளுக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்கும்படி அரசுக்கு உத்தரவிட்டது. புகார்கள் குறைவாக வருவதைக் காட்டி ஊர் நன்றாக இருக்கிறது என்று வாதிப்பவர்கள், இந்த ஒரு சம்பவத்தைக் கேள்விப்பட்டு எத்தனை வீடுகளில் “வேண்டாம்மா, விடு” என்று சொல்லியிருப்பார்கள் என்பதை ஊகித்துப் பார்க்கலாம்.

தெருத்தொல்லை விஷயத்தில் உச்ச நீதிமன்றமும் ஒரு வழக்கின் மூலம் தலையிட்டிருக்கிறது. அந்த வழக்கு நம்முடைய தென்காசியிலிருந்து போனது. 1999-இல் பஸ்ஸுக்குக் காத்திருந்த பெண்ணிடம் முறைகேடாக நடந்துகொண்டவர், அவளைக் காக்க வேண்டிய போலீஸ்காரராகவே இருந்தார். 2012 நவம்பரில் அவருடைய பணிநீக்கத்தை உறுதிசெய்த நீதிபதிகள், வழக்கோடு நின்றுவிடாமல் நாடு முழுவதற்கும் சில கட்டளைகளை வகுத்தார்கள். பஸ் நிலையங்களிலும் ரயில் நிலையங்களிலும் கடற்கரைகளிலும் சாதாரண உடையில் பெண் போலீஸாரை நிறுத்த வேண்டும். வாகனத்தினுள்ளே பெண் ஒருத்தி புகார் சொன்னால், டிரைவரும் கண்டக்டரும் வண்டியை நேரே அருகிலுள்ள போலீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். தவறினால் வண்டியின் அனுமதியே ரத்தாக வேண்டும். 1998-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டமும் வண்டிக்காரர்கள் மீது இதே கடமையைச் சுமத்தியிருந்தது. ஆகவே, “ஏம்மா, நீ கொஞ்சம் முன்னாடி தள்ளி நில்லேன்” என்று சமாதானம் செய்கிற கண்டக்டர், தம்மை அறியாமலே ஒரு சட்டத்தை மீறிக்கொண்டிருக்கிறார். அந்தப் பஸ்ஸிலுள்ள அறுபது பேரில் எவருக்கும் அது தெரியாது. ஊக்கை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு நிற்பவளுக்கும் தெரியாது. எச்சரிக்கைப் பலகைகளைப் பொது வாகனங்களிலும் வைக்க வேண்டும் என்பதும் அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. ‘கரம் சிரம் புறம் நீட்டாதீர்’ என்பதை நம் பஸ்களில் எழுதி எழுதியே பிரயாணிகள் அனைவருக்கும் மனப்பாடம் செய்துவைத்துவிட்ட போக்குவரத்துக் கழகங்கள், அதற்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில், ‘புகார் சொன்னால் வண்டி போலீஸ் நிலையம் போகும்’ என்று ஒரு வரி எழுதுவதற்கு அதிகம் போனால் ஒரு டப்பா பெயிண்ட் செலவாகும்.